யூகாக்கு: இன்பபுரி அல்ல, பரத்தையர் கோட்டம்

டோக்கியோவில் அரசு அனுமதியோடு இயங்கிய பழைய பரத்தையர் பகுதி யோஷிவாரா. அதைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘இன்பபுரி’ என்ற பெயர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாருக்கு இன்பம்?

இத்தகைய பகுதிக்கு ஜப்பானியச் சொல் யூகாக்கு. ‘யூ’ கேளிக்கை, ‘காக்கு’ சுற்றி அடைத்த இடம். இன்பபுரிக்காரர்கள் முதற்பாதியை வைத்துக்கொண்டு, முக்கியமான பின்பாதியை விழுங்கிவிட்டார்கள்.

1617-இல் அரசு அனுமதி பெற்று, 1657 பெருந்தீக்குப் பின் அசகுசாவுக்கு அப்பால் மாற்றப்பட்ட இடம் யோஷிவாரா. சுற்றிலும் அகழி, பேர் ஒஹகுரோ தோபு, அதாவது பல்லுக்குப் பூசும் கறுப்புமைச் சாக்கடை. போக வர ஒரே பெருவாயில். அனுமதிச் சீட்டு இல்லாமல் பெண் எவரும் அதைத் தாண்ட முடியாது. தகப்பன் வாங்கிய முன்பணம் மகள் தலையில் கடனாக ஏறும். ஒப்பந்தம் பெரும்பாலும் 10 ஆண்டு என்பார்கள். ஆனால் உடைச் செலவும் படுக்கைச் செலவும் அதே கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். உறவினர் யாரும் வாங்கிக்கொள்ளாத உடல்கள் மினோவாவின் ஜோகான்ஜி கோயிலுக்குப் போயின. ‘எறிந்துவிட்டுப் போகும் கோயில்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். இதுவா இன்பபுரி?

‘கெய்ஷா தெரு’ என்பது அதைவிட மோசம். கெய்ஷாக்கள் அங்கே பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வந்தவர்கள். உடலை விற்க அவர்களுக்குத் தடை. அதைக் கண்காணிக்க 1779-இல் தனி அலுவலகமே வந்தது.

‘சிவப்பு விளக்குப் பகுதி’யும் ஒட்டாது. அந்த வழக்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்தது. அதற்குள் யோஷிவாராவுக்கு வயது 250-க்கு மேல். போருக்குப் பின் 1946 முதல் 1958 வரை வழங்கிய ‘அகாசென்’ என்பதையும் சிலர் சிவப்பு விளக்கு என்கிறார்கள். ‘சென்’ என்றால் கோடு. காவல்துறை வரைபடத்தில் இழுத்த சிவப்புக் கோட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர் அது. ஆங்கில நூலை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் கோடு விளக்காகத்தான் எரியும்.

காக்குவுக்குக் ‘கோட்டம்’ பொருந்தும். கோயில் நினைவு வருமே என்பவர்கள் மணிமேகலையின் சிறைக்கோட்டத்தை மறந்தவர்கள். ‘பரத்தையர் சேரி’ பழைய, நல்ல வழக்குத்தான்; ஆனால் சேரி இன்று வேறு பொருள் சுமக்கிறது, அதில் அடைப்பும் இல்லை. ‘கணிகையர்’ என்றால் கலை பயின்ற ஓய்ரன்களோடு, அதாவது உயர்நிலைப் பரத்தையரோடு, நின்றுவிடும். அகழியோரத்து மலிவு விடுதிப் பெண்கள் வெளியே போய்விடுவார்கள்.

ஆகவே யூகாக்குவுக்குப் பரத்தையர் கோட்டம். 1946-க்குப் பிந்தைய காலத்தைப் பற்றி எழுதினால், சிவப்புக் கோட்டுப் பகுதி.