குளிர்மலையில் சூரிய மின்சாரம்: சார்ஜ் கன்ட்ரோலரையும் சார்ஜரையும் தேர்ந்தெடுக்கும் முறை

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கி, நீலகிரியின் நீரைக் கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரமாக இறக்கி அனுப்பியது. அதே மலையில், சோலைக்கும் தேயிலைக்கும் நடுவே தனியாக நிற்கும் காவல் குடிலுக்கோ, கேரட் தோட்டத்து ஓரத்து வீட்டுக்கோ இன்றும் மின்கம்பி எட்டாமல் இருப்பது உண்டு. அப்படிப்பட்டவர்கள் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கி, பலகை, பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர் என்று கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கும் தொகுப்பை ஜீப்பில் ஏற்றி வருகிறார்கள். பொருளில் குறை இருக்காது. ஆனால் அது 38 டிகிரி வெயிலை மனத்தில் கொண்டு சேர்க்கப்பட்ட தொகுப்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், தை மாதத்து விடியலில் புல்வெளி வெண்மையாக உறைந்து கிடக்கும் ஊரில், அதன் கணக்குகள் மாறிவிடுகின்றன. குளிரில் பலகை கொடுக்கும் மின்னழுத்தம் உயர்கிறது. பேட்டரி நிறைவதற்குக் கேட்கும் மின்னழுத்தமும் உயர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அமர்ந்திருப்பது சார்ஜ் கன்ட்ரோலர்தான் என்பதால், மலையில் அதன் தேர்வு பலகையின் தேர்வைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

சிலிக்கான் பலகைக்கு வெளிச்சம் பிடிக்கும், வெப்பம் பிடிக்காது. அதன் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்கள் பலகை 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தவை. 36 செல்கள் கொண்ட '12 வோல்ட்' பலகை உண்மையில் 18 வோல்ட் அளவில்தான் தன் முழுத் திறனைக் கொடுக்கும். சமவெளியின் கோடையில் மொட்டை மாடியில் கிடக்கும் பலகை 65 டிகிரி வரை சுடும். அப்போது அந்த 18 வோல்ட் 15-ஆக இறங்கிவிடும். ஊட்டியில் காற்று 10 டிகிரியில் இருக்கும் ஒரு தெளிந்த காலையில் அதே பலகை 35 டிகிரியைத் தாண்டாது. மின்னழுத்தமும் 17 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும்.

இந்த இரண்டு வோல்ட் வேறுபாடுதான் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்ற இரு வகைக் கன்ட்ரோலர்களில் எது வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிடபிள்யூஎம் என்பது விரைவாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச். இணைந்திருக்கும் நேரத்தில் பலகையை நேராகப் பேட்டரியோடு பிணைத்துவிடுகிறது, பேட்டரி 12.5 வோல்ட்டில் இருந்தால் பலகையும் அந்த 12.5 வோல்ட்டுக்கே இழுத்து நிறுத்தப்படுகிறது. பலகையால் 17 வோல்ட் கொடுக்க முடிந்தாலும் எஞ்சியது பயன்படாமல் போகிறது. சமவெளியில் பலகையே 15 வோல்ட்டுக்குத் தளர்ந்து நிற்பதாலும், பேட்டரி 13.5 வோல்ட்டைத் தாண்டிய நேரத்தில் இடைவெளி இன்னும் சுருங்குவதாலும், பத்து விழுக்காட்டுக்கு மேல் இழப்பு இராது. விலை குறைந்த பிடபிள்யூஎம் அங்கே நியாயமான தேர்வு. மலையில் அதே கருவி கால் பங்குக்கு மேல் வீணாக்கிவிடும்.

எம்பிபிடி, அதாவது பலகை அதிகபட்சத் திறன் தரும் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் கருவி, வேறு வழியில் வேலை செய்கிறது. பலகையிலிருந்து வரும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, ஒரு கம்பிச் சுருளின் வழியே செலுத்தி, உயர்ந்த மின்னழுத்தத்தைக் குறைந்த மின்னழுத்தமாகவும், குறைந்த ஆம்பியரைக் கூடுதல் ஆம்பியராகவும் மாற்றுகிறது. கோத்தகிரி மலைப்பாதையில் ஏறும் பேருந்தின் ஓட்டுநர், எஞ்சின் தனக்கு உகந்த வேகத்திலேயே ஓடும்படி வளைவுக்கு வளைவு கியர் மாற்றுவதைப் போன்றது இது. கன்ட்ரோலரும் சும்மா இருப்பதில்லை. மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றிப் பார்க்கிறது, வாட் கூடினால் அதே திசையில் போகிறது, குறைந்தால் திரும்புகிறது. மேகம் கடக்கும்போதெல்லாம் இந்தத் தேடல் மறுபடி நடக்கும்.

இங்கே பலர் விழும் ஒரு குழியைச் சொல்ல வேண்டும். வீட்டுக் கூரைகளுக்கென வரும் 72 செல் கொண்ட 330 வாட் பலகை, வாட் கணக்கில் பார்த்தால், சிறிய '12 வோல்ட்' பலகையைவிட மலிவு. அதை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் பிடபிள்யூஎம் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் இணைத்துவிட்டு, 'பெரிய பலகை போட்டும் ஒன்றும் கூடவில்லையே' என்று வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகை 37.5 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் கொடுப்பது. பிடபிள்யூஎம் அந்த 8.8 ஆம்பியரை மட்டும் கடத்தும்; 13 வோல்ட்டால் பெருக்கினால் 115 வாட். 18 வோல்ட்டில் கிட்டத்தட்ட அதே 8.8 ஆம்பியரைத் தரும் 160 வாட் பலகையும் இதே 115 வாட்டைத்தான் கொடுத்திருக்கும். எம்பிபிடி வழியாக அனுப்பியிருந்தால், உள்ளே ஐந்து விழுக்காடு இழப்பு போனாலும், 24 ஆம்பியர் பேட்டரிக்குள் இறங்கியிருக்கும்.

எம்பிபிடி என்ற எழுத்துகளை மட்டும் பெட்டியின் மேல் அச்சிட்டு, உள்ளே சாதாரண பிடபிள்யூஎம் வைத்து விற்பதும் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி பெரும்பாலும் அந்த வகைதான். கம்பிச் சுருள் இருக்கும் கருவி கையில் எடுத்தாலே கனக்கும். ஐயம் இருந்தால், பேட்டரி பாதி இறங்கியிருக்கும் ஒரு வெயில் நேரத்தில், பலகையிலிருந்து வரும் ஆம்பியரையும் பேட்டரிக்குப் போகும் ஆம்பியரையும், கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது எம்பிபிடி அல்ல.

பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைப்பதில் மலைக்காரர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் நிழல் விழுவதால் பலகையைச் சற்றுத் தள்ளி வெட்டவெளியில் வைக்க வேண்டியிருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போகவர 30 மீட்டர் என்றால், 9 ஆம்பியர் ஓட்டத்துக்கு 1.2 வோல்ட் வழியிலேயே இறங்கும். 17 வோல்ட்டில் இது பெரிய இழப்பு. அந்த 330 வாட் பலகைகள் இரண்டு தொடராகத் தரும் 75 வோல்ட்டில் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் தொடரின் ஆபத்தும் குளிரிலேயே ஒளிந்திருக்கிறது. சுமை எதுவும் இல்லாதபோது அந்த 330 வாட் பலகை 46 வோல்ட் காட்டும். இரண்டு சேர்ந்தால் 92. '100 வோல்ட் வரை தாங்கும்' என்ற கன்ட்ரோலருக்கு இது போதும் என்று காகிதத்தில் தோன்றும். இரவெல்லாம் உறைபனியில் கிடந்து 0 டிகிரிக்கு இறங்கிய பலகையின் மேல் முதல் வெயில் விழும்போது அதே 92 வோல்ட் 99-ஐத் தொட்டுவிடும். ஆம்பியர் கூடினால் நல்ல எம்பிபிடி தன் வரம்பிலேயே நிறுத்திக்கொள்ளும். வோல்ட் கூடினால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் கருகிவிடும், பெரும்பாலும் உத்தரவாதமும் செல்லாது. ஆகவே இந்த இணைப்புக்கு 150 வோல்ட் தாங்கும் கருவியையே வாங்க வேண்டும்.

இனி பேட்டரியின் பக்கம். நம் ஊரில் பரவலாக இருப்பது அமிலம் ஊற்றிய ட்யூபுலர் பேட்டரி. அதை நிரப்புவது மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதலில் கிடைக்கும் ஆம்பியர் முழுவதையும் உள்ளே தள்ளும் 'பல்க்' கட்டம். ஏறக்குறைய எண்பது விழுக்காடு வரை இது விரைவாகப் போகும். பிறகு, தகடுகளின் உட்பகுதிக்குள் வேதிமாற்றம் மெல்ல ஊடுருவ வேண்டியிருப்பதால், 12 வோல்ட் பேட்டரிக்கு 14.4 வோல்ட் என்ற அளவில் பிடித்து நிறுத்தி, அது இழுக்கும் ஆம்பியர் தானாகக் குறையும்வரை காத்திருக்கும் 'அப்சார்ப்ஷன்' கட்டம். இதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். அதன்பின் 13.6 வோல்ட் அளவில் சும்மா தாங்கிப் பிடிக்கும் 'ஃப்ளோட்'.

அந்த 14.4 என்ற எண் 25 டிகிரிக்கு உரியது. வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஒரு செல்லுக்கு 4 மில்லிவோல்ட் வீதம், ஆறு செல்லுக்கு 24 மில்லிவோல்ட் கூட்டிக் கொடுக்க வேண்டும். 10 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு 14.76 வோல்ட் வேண்டும், 14.4-இலேயே நிறுத்தினால் அது நிறைந்ததுபோல் தோன்றி நிறையாமலே இருக்கும். இப்படிப் பல வாரங்கள் குறைச்சார்ஜில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கடினமான படிகமாக இறுகி, கொள்ளளவு மீளாமல் போகும். மலையில் பேட்டரி இரண்டு ஆண்டுகளில் செத்துப்போவதற்குக் குளிரைப் பழிக்கிறோம்; பல நேரங்களில் காரணம் வெப்பநிலைத் திருத்தம் இல்லாத கன்ட்ரோலர். திருத்தம் இருக்கிறது என்று குறிப்பேட்டில் போட்டிருந்தாலும் வெப்பநிலையை அளக்கும் உணரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கருவியின் உள்ளேயே இருந்தால், வேலை செய்யும்போது அது தன் சூட்டையே அளந்து, பேட்டரியும் வெதுவெதுப்பாக இருப்பதாக எண்ணிக்கொள்ளும். கம்பியோடு தனியாக வந்து, பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டும் உணரிதான் வேண்டும்.

நீலகிரிக்கு இன்னொரு பழக்கம் உண்டு: காலை தெளிந்திருக்கும், மதியத்துக்குப் பின் மேகம் இறங்கிவிடும். பல்க் முடிந்து அப்சார்ப்ஷன் தொடங்கும் நேரத்தில்தான் மூடுபனி வருகிறது. ஆகவே பலகையை நேர் தெற்கே வைக்காமல் சற்றுத் தென்கிழக்காகத் திருப்பி வைப்பது இங்கே நல்லது. 11 டிகிரி அட்சரேகைக்கு 15 டிகிரிச் சரிவு போதும், மழைநீரும் தேங்காமல் வடியும்.

தென்மேற்குப் பருவமழையில் எந்தத் திசையும் உதவாது. 2019 ஆகஸ்ட்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய வாரங்களில் எவ்வளவு விலை உயர்ந்த எம்பிபிடியும் இல்லாத வெயிலைக் கொண்டுவராது. அப்போது தேவை ஜெனரேட்டரும் அதில் இணைக்கும் சார்ஜரும். சார்ஜரின் ஆம்பியர் பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம்: 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 15 ஆம்பியர். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பில் (சார்ஜ் ஆகும்போது 28.8 வோல்ட்) அது 430 வாட் வெளியீடு. சார்ஜரின் உள்ளிழப்பையும், மலிவான சார்ஜர்களின் மோசமான பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் வோல்ட்-ஆம்பியரில் உண்மையில் வாட்டாகப் பயன்படும் பங்கு) சேர்த்தால் ஜெனரேட்டரிடமிருந்து 700 வோல்ட்-ஆம்பியருக்கு மேல் கேட்கும். 1 கேவிஏ, அதாவது 1,000 வோல்ட்-ஆம்பியர், ஜெனரேட்டருக்கு இது எளிது என்று எண்ண வேண்டாம். காற்று மெலிந்திருப்பதால் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் எஞ்சின் ஏறக்குறைய 3 விழுக்காடு திறனை இழக்கிறது. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 15 ஆம்பியரோடு நிறுத்திக்கொண்டால் ஓடும். ஆசைப்பட்டு 30 ஆம்பியர் சார்ஜர் வாங்கினால் எஞ்சின் திணறி நின்றுவிடும்.

ஜெனரேட்டரை மாலையில் ஓட்டுவதைவிட விடியலில் ஓட்டுவது சிக்கனம். காலியான பேட்டரி அப்போது முழு ஆம்பியரையும் வாங்கிக்கொள்ளும். மெதுவான அப்சார்ப்ஷன் கட்டத்தை, மேகத்தின் இடுக்கில் கசியும் சிறிய வெளிச்சத்துக்கே விட்டுவிடலாம். மாதம் ஒருமுறை நல்ல வெயில் நாளில் 15.5 வோல்ட் வரை ஏற்றிச் சில மணி நேரம் விட்டு, செல்களைச் சமப்படுத்தும் 'ஈக்வலைசேஷன்' அமிலப் பேட்டரிக்கு நல்லது. அதில் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால், குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து விறகு அடுப்பு மூட்டும் அறையில் பேட்டரியை வைக்கவே கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த விதிகள் தலைகீழ். அதற்கு வெப்பநிலைத் திருத்தம் வேண்டாம், ஈக்வலைசேஷன் கூடாது. கன்ட்ரோலரில் லித்தியம் என்ற தனி அமைப்பு இருக்க வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். நல்ல பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று அப்போது சார்ஜைத் துண்டித்துவிடும். தகரக் கொட்டகையில் வைத்திருந்தால், உறைபனிக் காலத்தில் வெயில் வந்தும் பேட்டரி நிறையாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வீட்டுக்குள் சுவரோரம் வைத்தாலே இந்தச் சிக்கல் தீரும்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரியை இணைத்து, கன்ட்ரோலர் அது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அறிந்துகொண்ட பிறகே பலகையை இணைக்க வேண்டும். கழற்றும்போது பலகை முதலில், பேட்டரி கடைசியில். பகலில் வேலை செய்ய நேர்ந்தால், கம்பியைத் தொடுவதற்கு முன் பழைய கம்பளி ஒன்றைப் பலகையின் மேல் போர்த்திவிடுங்கள்.