ஒரே நாளில் 'கரண்ட்' வைத்தால் என்ன?

"அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். 35 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் வைத்து முடித்துவிடக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மருத்துவ இயற்பியல் படித்த காலத்தில், கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர் ஒருவரின் பின்னால் ஒரு மாதம் நோட்டும் கையுமாக அலைந்தேன். அங்கே ஒரு பெரியவரும் இதையேதான் கேட்டார். "டாக்டரம்மா, தினம் பஸ்ஸுக்கே காசு கரையுது. ஒரேடியா வெச்சு அனுப்பிடுங்க." அவரோ, "பீடியை விட்டாச்சா ஐயா?" என்று திருப்பிக் கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். பதிலில் பாதி அந்தப் பீடிக்குள் இருந்தது பிறகுதான் புரிந்தது.

முதலில், கதிர்வீச்சு சிகிச்சையைக் கரண்ட் என்று நாம் சொன்னாலும் உடலில் மின்சாரம் பாய்வதில்லை. பாய்வது வீரியமான எக்ஸ் கதிர். வழக்கமாக நாளுக்கு 2 கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு), வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 70 கிரே. இந்த 70 கிரேயின் ஆற்றலைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கினால் 0.02 டிகிரிகூட ஏறாது. ஆக, செல்லைக் கொல்வது சூடு அல்ல, டிஎன்ஏ இழைகள் அறுபடுவதுதான். நல்ல செல்கள் அறுந்ததைச் சில மணி நேரத்தில் ஒட்டவைத்துக்கொள்ளும். புற்றுசெல்கள் இந்த வேலையில் பெரும்பாலும் மட்டம். தினமும் கொஞ்சம் அடித்து இடைவெளி விட்டால் நல்லது தேறும், கெட்டது சாகும்.

இதைக் காட்டிக்கொடுத்தது செம்மறிக் கிடா! 1920களில் பாரிஸில் குளோட் ரெகோ என்ற ஆய்வாளர் கிடாயின் விரைகளில் கதிரைப் பாய்ச்சினார். ஒரே தடவையில் மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் புண்ணாகிப்போனது. பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடானது, தோல் பெரிதாகக் கெடவில்லை. விந்தை உண்டாக்க ஓயாமல் பெருகும் செல்களைப் புற்றுக் கட்டிக்குப் பதிலாளாக அவர் வைத்துக்கொண்டார். இன்றைக்கு நிதி கேட்டு இப்படியொரு விண்ணப்பம் போனால், "கிடாயால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சரி, பீடிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கதிர் பெரும்பாலும் டிஎன்ஏவை நேராகத் தாக்குவதில்லை. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைக்கிறது. அதில் பிறக்கும் அடங்காத துணுக்குகள் டிஎன்ஏவிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகின்றன. அந்தக் காலி இடத்துக்குப் போட்டி. கந்தகம் கொண்ட மூலக்கூறு ஒன்று முந்தினால் ஹைட்ரஜனைத் தந்து காயத்தை ஆற்றிவிடும். ஆக்சிஜன் முந்தினால், பஸ் சீட்டில் துண்டைப் போட்டதுபோல இடத்தைப் பிடித்துக்கொள்ளும், காயம் நிரந்தரமாகும். எல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்!

ஆனால் கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம். ரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.15 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே தீர்ந்துவிடும். அந்த எல்லையில் மூச்சுமுட்டிக் கிடக்கும் செல்களைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். 1953இல் இந்த விளைவைப் பற்றி எழுதிய இயற்பியலாளர் லூயிஸ் ஹெரால்ட் கிரேயின் பெயரில்தான் இன்று கதிரை அளக்கிறோம்.

ஒரே நாளில் அடித்தால் இந்தச் செல்கள் தப்பிவிடும். பிரித்து அடித்தால், குழாயோரச் செல்கள் முதலில் சாகும். அவை குடித்துவந்த ஆக்சிஜன் உள்ளே இருப்பவற்றுக்குக் கிடைக்கும். அடுத்தடுத்த நாட்களில் அவையும் சிக்கும். வெங்காயம் உரிப்பதுபோல, அடுக்கடுக்காக. பீடிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆக்சிஜன் வரவைத்தான் குறைக்கிறது. மருத்துவர்கள் அடிக்கடி ஹீமோகுளோபின் பார்ப்பதும் இதனால்தான்.

அப்புறம், அமாவாசை, அஷ்டமி என்று இடையில் லீவு போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தப்பிய புற்றுசெல்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. குரல்வளை, வாய்ப் புற்றுகளில் நாலு வாரம் வாக்கில் அவை முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சை ஒரு நாள் நீண்டாலும், கட்டி அடங்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. இயந்திரம் பழுதாகியோ பொங்கல் விடுமுறையாலோ ஒரு நாள் விட்டுப்போனால், பல இடங்களில் அடுத்து ஒரே நாளில் இரண்டு தடவை வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல செல்கள் அப்போது டிஎன்ஏவை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும்.