பெங்களூரில் நடைபாதைக்காக ஓட்டுப் போடுவது எப்படி?

ஸ்ரீராமபுரத்தில் காலை எட்டு மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காய்கறிப் பையோடு ஒரு பாட்டி நடைபாதையில் பத்தடி நடப்பார். குறுக்கே டிரான்ஸ்ஃபார்மர். ரோட்டில் இறங்குவார். அதைத் தாண்டியபின் மறுபடி ஏற முடியாது, மேடை முழங்கால் உயரம். மீதி தூரமெல்லாம் ஸ்கூட்டர்களுக்கு நடுவில்தான்.

இதைச் சரிசெய்ய எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்று பலனில்லை. வார்டு ரோடும் நடைபாதையும் மாநகராட்சிப் பொறுப்பு. கேட்க வேண்டிய ஆள் கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர். 2015-ல் நாம் தேர்ந்தெடுத்த கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பிறகு வருடக்கணக்கில் கேள்வி கேட்க வார்டில் ஆளே இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள், வார்டு எல்லைகளும் மாறின. அதனால் பழைய வார்டு எண்ணை நம்பாமல், உங்கள் தெரு இப்போது எந்த வார்டில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ஓட்டு. நம்மில் பலர் இருபது வருடமாக இங்கே இருந்தும் பெயரை தர்மபுரியிலோ திருப்பத்தூரிலோ வைத்திருக்கிறோம். ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் தினமும் நடக்கிற தெரு இங்கேதான் இருக்கிறது. மாநகராட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டசபைப் பட்டியலை வைத்தே தயாராகிறது. இடம் மாறியவர்கள் படிவம் 8, புதிதாகச் சேர்பவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டும். இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தப்பு.

சரி, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது? "நடைபாதை போடுவீர்களா" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தெருப் பெயரைச் சொல்லி, அளவைக் கேளுங்கள். இந்திய சாலை காங்கிரஸின் (கட்சி இல்லை, சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பு) வழிகாட்டுதல்படி தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பூக்காரம்மாவை விரட்டுவதுதான் வழி என்று ஒரு வேட்பாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014-ன் சட்டப் பாதுகாப்பு உண்டு. நடைபாதை மேல் நிற்கும் பைக்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

சைக்கிள் தடத்தையும் விட்டுவிடாதீர்கள். 2020-ல் வெளிவட்டச் சாலையில் ஒரு தடம் அமைத்தார்கள். தடுப்புக் கம்பங்கள் உடைந்தன, வண்டிகள் உள்ளே புகுந்தன. எனவே "போடுவேன்" என்பவரிடம் "யார் பராமரிப்பது" என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒருவரைப் பிடித்துப்போனால் அவருக்காக வீடு வீடாகப் பேசலாம், அது உங்கள் உரிமை. ஆனால் நோட்டீஸ் அடிப்பது, கூட்டம் போடுவது என்று சொந்தக் காசைச் செலவழிக்கும் முன் அந்த வேட்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 176-ஆவது பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விழலாம். நல்ல மனசோடு செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

ஜெயித்த பிறகு அவர் தலைமையில் வார்டு கமிட்டி கூடும். அந்தப் பாட்டி இறங்குகிற இடத்தைப் போட்டோ எடுத்து, எழுத்தில் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.