நூட்ரோப்பிக்: சொல்லும் பொருளும்

அமெரிக்க, பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் தேர்வு நெருங்கினால் கைமாறும் மாத்திரைகளுக்கு ‘ஸ்மார்ட் டிரக்’ என்று பெயர். கொஞ்சம் படித்தவர்கள் ‘நூட்ரோப்பிக்’ என்பார்கள். இரண்டாவது பெயர் அவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ருமேனியரான கொர்னேலியு ஜுர்ஜியா 1972இல் உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் ‘நூஸ்’ மனம், ‘ட்ரோப்போஸ்’ திருப்பம். பெல்ஜியத்தில் அவர் ஆராய்ந்த பிராசெட்டம் என்ற வேதிப்பொருள் எந்த மருந்து வகையிலும் அடங்காததால் புதுப்பெயர் தேவைப்பட்டது. கற்றலும் நினைவும் மேம்பட வேண்டும். மூளைக்குக் காப்பு வேண்டும். மயக்கமோ படபடப்போ கூடாது. நச்சுத்தன்மை மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பவை அவர் வைத்த நிபந்தனைகள்.

மாணவர்கள் விழுங்கும் ரிட்டாலினும் (மெத்தில்பெனிடேட்) ஆம்பெட்டமின் வகைகளும் இதயத்துடிப்பை ஏற்றுபவை, பழக்கமாகிவிடக் கூடியவை. மோடாஃபினில், பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய்க்கானது. கருத்தடை மாத்திரையின் பலனைக்கூட அது குறைத்துவிடும்; இதைப் பலர் அறிவதில்லை.

2023இல் வெளியான ஓர் ஆய்வில் நோயில்லாத 40 பேருக்கு ஒரு புதிர் தந்தார்கள். எடையும் மதிப்பும் குறிக்கப்பட்ட பொருள்களில், பை தாங்கும் எடைக்குள் அதிக மதிப்பு சேரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மருந்துகளில் ஒன்றை உண்டபோது அதிக நேரம் முயன்றார்கள், பொருள்களை மாற்றி மாற்றி வைத்தார்கள்; ஆனால் தேர்ந்தெடுத்ததின் தரம் குறைந்தது. உழைப்பு கூடியதே தவிர அறிவு கூடவில்லை.

மோடாஃபினிலின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 12 முதல் 15 மணி. இரவு 10 மணிக்கு விழுங்கினால் மறுநாள் காலை தேர்வறைக்குள் நுழையும்போதும் ஏறத்தாழ பாதி உடலில் இருக்கும். படித்தது பதிவதற்கான தூக்கம் அந்த இரவோடு போயிற்று.

தமிழில் என்ன சொல்வது? ‘ஊக்கமருந்து’ என்றால் விளையாட்டுப் பக்கச் செய்திதான் நினைவுக்கு வரும். ‘மூளை மாத்திரை’, ‘ஞாபகசக்தி மாத்திரை’ இரண்டும் இல்லாத பலனைச் சொல்லி ஆசை காட்டுகின்றன. ஜுர்ஜியா சொன்ன பொருளுக்கு ‘அறிதிறன் ஊக்கி’ பொருந்தும். மாணவர்கள் விழுங்கும் மாத்திரைகளை அவை செய்யும் வேலையைக் கொண்டே அழைக்கலாம்: மோடாஃபினில் ‘விழிப்பூட்டி’, ரிட்டாலினும் ஆம்பெட்டமினும் ‘கிளர்வூட்டி’.