கொலு பொம்மையும் கூகுள் கணக்கும்

கொலு பொம்மையை ஆன்லைனில் விற்றால் என்ன என்று யோசிக்கும் ஒருவர், ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரில் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மாதச் சராசரித் தேடல்: 1,000 முதல் 10,000 வரை' என்கிற மாதிரி ஒரு பதில் வரும். ஆயிரம் பேர் தேடினால் அது வீட்டு மாடியில் வைத்து நடத்தும் சிறு தொழில். பத்தாயிரம் என்றால் குடோன் பிடிக்க வேண்டும். எதை நம்புவது?

இந்தக் கருவி யாருக்காக உருவானது என்பதில் விடை இருக்கிறது. தேடுசொற்களை ஏலம் விட்டு, க்ளிக் விழுந்தால் மட்டும் விளம்பரதாரரிடம் காசு வாங்கும் முறையை 1998-ல் கோடூ.காம் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கியது. பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதை 2003-ல் யாஹூ வாங்கியது. கூகுள் 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையைக் கொண்டுவந்து, 2002-ல் க்ளிக்குக்கான ஏலத்துக்கு மாறியது. ஏலம் கேட்க வருபவருக்கு ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? கீவேர்டு கருவிகள் பிறந்தது அதற்காகத்தான். அதனால்தான் விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குகளுக்கு, 2016 முதல், இப்படிப் பத்து மடங்கு அகலமான வீச்சு மட்டும் காட்டப்படுகிறது. செலவழிப்பவருக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

பக்கத்தில் 'போட்டி: அதிகம்' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். எத்தனை கடைகள் அந்தப் பொருளை விற்கின்றன என்பதை அது சொல்வதில்லை; விளம்பர இடத்துக்கு எவ்வளவு தள்ளுமுள்ளு என்பதைத்தான் சொல்கிறது. என்னைக் கேட்டால் அது நல்ல சகுனம். ஒரு சொல்லுக்கு மாதக்கணக்கில் காசு கட்டி ஒருவர் நிற்கிறார் என்றால், அதிலிருந்து அவருக்கு விற்பனை வருகிறது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

கொலு வியாபாரிக்கு உண்மையான பொறி 'சராசரி'யில் இருக்கிறது. வருடத்துக்கு 12,000 தேடல், அதில் 9,000 நவராத்திரியை ஒட்டிய ஒரே மாதத்தில் என்றாலும், பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,000 என்றுதான் பிளானர் காட்டும். மாதவாரி வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் தை மாதமே சரக்கு எடுத்தவர், புரட்டாசி வரை வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பருவத்தைப் பார்க்கத் தோதான கருவி 2006-ல் வந்த கூகுள் ட்ரெண்ட்ஸ். 2004 முதலான தேடல் விவரம் அதில் இருக்கிறது. ஆனால் அதில் வரும் 100 என்பது நூறு தேடல் அல்ல. ஓர் ஊரில், ஒரு காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லின் பங்கு என்ன என்று கணக்கிட்டு, அந்தப் பங்கு உச்சத்தில் இருந்த புள்ளியை 100 ஆக்கி, மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் பொருளுக்கான தேடல் இரட்டிப்பாகி, இணையத்தின் மொத்தத் தேடலும் இரட்டிப்பானால் கோடு அசையவே அசையாது. கோடு சரிந்தால்கூடத் தேடுபவர் எண்ணிக்கை கூடியிருக்கலாம். எல்லாத் தேடல்களையும் எண்ணாமல் மாதிரி எடுத்துக் கணக்கிடுவதால், அரிதான சொற்களுக்கு வெறும் பூஜ்யம் வரும்.

எண்ணை விட்டுவிட்டுக் கோட்டின் வடிவத்தைப் பார்த்தால் ட்ரெண்ட்ஸ் பேசத் தொடங்கும். வருடா வருடம் ஒரே பருவத்தில் எழும் மேடு, பண்டிகைப் பொருளின் அடையாளம். 2017 மே மாதம் செங்குத்தாக ஏறிய ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் கோடு, சில வாரங்களிலேயே அதே வேகத்தில் இறங்கிவிட்டது. உச்சத்தைப் பார்த்தபின் சீனாவிலிருந்து கப்பலில் சரக்கு வரவழைத்தவரின் கதையை ஊகித்துக்கொள்ளலாம்.

ட்ரெண்ட்ஸில் 'தேடுசொல்', 'தலைப்பு' என்று இரண்டு வகை உண்டு. முதல் வகை நீங்கள் அடித்த எழுத்துகளை மட்டும் எண்ணும். இரண்டாவது, ஒரே பொருளைக் குறிக்கும் பல மொழிச் சொற்களைச் சேர்த்து எண்ண முயலும். நம் கொலு ஆந்திரத்தில் பொம்மல கொலுவு, கர்நாடகத்தில் கொம்பே ஹப்பா. தமிழ்ப் பெயரை மட்டும் தேடிப் பார்த்தால் பக்கத்து இரண்டு சந்தைகள் கண்ணுக்கே தெரியாது.

இனி, தேடுபவர் எல்லோரும் வாங்க வருபவர்களா? ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் பதிவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரே பிரோடர், 2002-ல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: தெரிந்த தளத்துக்குப் போவதற்கு, ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கு, ஒரு காரியத்தை முடிப்பதற்கு. 'கொலு எத்தனை படி வைக்கலாம்' என்பவர் இரண்டாம் வகை. 'தசாவதார செட் விலை' என்பவர் கையில் பர்ஸோடு நிற்கிறார். அமேசானின் தேடல் பெட்டியில் வரும் பரிந்துரைகள் இதனால்தான் வியாபாரிக்கு அதிகம் பயன்படும். அங்கே பெரும்பாலோர் வருவது வாங்கத்தான்.

புதிய பொருளுக்கான யோசனை, எல்லோரும் தேடும் பொதுவான தலைமைச் சொல்லில் பெரும்பாலும் கிடைக்காது. கூகுளுக்குத் தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்குமுன் வந்தே இராதவை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சில சொற்களை லட்சக்கணக்கானோர் தேட, கோடிக்கணக்கான சொற்றொடர்களை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே தேடுகிறார்கள். அந்த நீண்ட வாலில்தான் தேவை துல்லியமாகப் பேசும். 'கொலு பொம்மை'க்கு எல்லோரும் கடை விரித்திருப்பார்கள். 'மடக்கி வைக்கும் கொலு படி', 'சின்ன ஃபிளாட்டுக்கு மூன்று படி' என்று ஒருவர் நீட்டி அடிக்கும்போது, பொருளின் அளவையும் தன் வீட்டின் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். மதுரைப் பக்கத்து விளாச்சேரி மண் பொம்மை கூரியரில் உடையும், காகிதக்கூழ் பொம்மை தாங்கும் என்பதையெல்லாம் எந்தக் கருவியும் சொல்லாது. அது உங்கள் கவலை.

ஏஹெச்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கட்டணக் கருவிகள் தரும் எண்களும் மதிப்பீடுகள்தான். கூகுளின் உள்பதிவு அவர்களிடம் கிடையாது. பல மூலங்களைக் கலந்து ஊகிக்கிறார்கள். இணையத்தில் மக்கள் எங்கெங்கே போகிறார்கள் என்ற நடமாட்டத் தரவும் அதில் ஒன்று. அப்படிப்பட்ட தரவை விற்றுவந்த ஜம்ப்ஷாட் நிறுவனத்தை, தனியுரிமைச் சர்ச்சை வெடித்ததும் 2020-ல் தாய் நிறுவனமான அவாஸ்ட் மூடியது.

ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 'மடக்கும் கொலு படி' என்ற சொல்லுக்கு மட்டும், அதே சொல்லாகப் பொருந்தும்படி அமைத்து, ஒரு வாரம் சிறிய விளம்பரம் ஓட்டலாம். எத்தனை முறை விளம்பரம் தெரிந்தது, தெரிந்திருக்கக்கூடிய வாய்ப்பில் அது எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் கூகுள் சொல்லும். 400 முறை, 50 சதவீதம் என்றால் அந்த வாரம் ஏறக்குறைய 800 வாய்ப்பு. கொலுவுக்கு இதை ஆகஸ்டிலேயே செய்துவிட வேண்டும். படி செய்து தரும் பட்டறைக்காரருக்கும் நாள் வேண்டும்.