இரண்டு நிரல், இரண்டு விடை: மேகத்தைக் குறை சொல்லுமுன் உள்ளீட்டைப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு விண்மீனிடை வாயு மேகங்களை எடுக்க நினைப்பவர்களுக்கு இது. தை மாத இரவில் நம் ஊரில் ஏறக்குறைய உச்சிக்கு வரும் ஓரியனின் மேகமானாலும் சரி, மேகத்தின் மூலக்கூறுகள் தரும் நிறமாலைக் கோடுகளைக் கணக்கிடும் கணினி நிரல்களான ராடெக்ஸில் ஒரு விடையும் லைமில் வேறொரு விடையும் வந்தால் உடனே "எந்த நிரல் சரி?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்திருக்கவே மாட்டோம்.

முதலில் அலகு. ராடெக்ஸ் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்குக் கேட்கும். லைம் கன மீட்டருக்கு. கன சென்டிமீட்டருக்கு 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறு என்றால் லைமில் 10,00,00,00,000 என்று வர வேண்டும். வெறும் 10,000 போட்டால் மோதல்கள் அற்றுப்போய், கிளர்வு வெப்பநிலை (மூலக்கூறுகள் ஆற்றல் மட்டங்களில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு) விண்வெளிப் பின்னணிக் கதிர்வீச்சின் 2.73 கெல்வினுக்கு இறங்கிவிடும். கோடே தெரியாது. இந்தப் பிழை கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு.

கோட்டின் அகலம்தான் கள்ளத்தனமானது. ராடெக்ஸ் கேட்பது பாதி உயரத்தில் முழு அகலம். இன்னொரு நிரலான ரட்ரானும் லைமும் கேட்பது டாப்ளர் அளவு, அதாவது உயரம் 1/e ஆகக் குறையும் இடத்தில் பாதி அகலம். முன்னதை 1.665 ஆல் வகுத்தால் பின்னது கிடைக்கும். வகுக்காமல் 1 கிமீ/நொடி என்று அப்படியே போட்டால் கோடு அகலும், கோட்டின் மையத்தில் ஒளியியல் ஆழம் (மேகம் தன் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) 40 சதவீதம் குறையும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மோதல் வீதங்களுக்கு எல்லா நிரலுக்கும், மூலக்கூறுத் தரவுகளைத் தொகுத்துத் தரும் லாம்டா தரவுத்தளத்தின் ஒரே கோப்பைக் கொடுங்கள். கார்பன் மோனாக்சைடு கோப்பில் பாரா, ஆர்த்தோ என்ற ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு வகைகளுக்கும் (அணுக்கருச் சுழற்சியில் வேறுபடுபவை) தனித்தனி அட்டவணை உண்டு. மொத்த அடர்த்தி தந்தால் ராடெக்ஸ் வெப்பநிலைப்படி தானே பிரித்துக்கொள்ளும். மற்ற நிரல்களில் என்ன நடக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். அட்டவணை 10 கெல்வினில் தொடங்க, உங்கள் மேகம் 7 கெல்வின் என்றால், ராடெக்ஸ் 10 கெல்வின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும்.

இவை ஒத்த பிறகும் வித்தியாசம் இருந்தால் அப்போது முறையைப் பாருங்கள். ராடெக்ஸ் மேகம் முழுவதையும் ஒரே அடர்த்தி, ஒரே வெப்பநிலை என்று வைத்து, ஃபோட்டான் மேகத்தை விட்டுத் தப்பிக்கும் நிகழ்தகவால் கணக்கிடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் விடை வரும். ஒளியியல் ஆழம் 100ஐத் தாண்டினால் அந்த விடையை நம்ப வேண்டாம். தடித்த, அதாவது ஒளியியல் ஆழம் மிகுந்த மேகத்தில், விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும் ரட்ரான், லைம் போன்ற நிரல்களுக்கு வேறொரு நோய்: ஃபோட்டான் உள்ளேயே சிக்கித் திரிவதால் சுற்றுக்குச் சுற்று மாற்றம் மிகச் சிறிதாகி, விடை வெகுதூரத்தில் இருக்கும்போதே "முடிந்தது" என்று நிரல் நின்றுவிடும். மூலக்கூறுகள் வாயுவின் வெப்பநிலைக்கேற்ப மட்டங்களில் பரவிய நிலையிலிருந்து ஒரு ரன், 2.73 கெல்வினுக்கேற்பப் பரவிய நிலையிலிருந்து ஒரு ரன் கொடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் சேராவிட்டால் கணக்கு இன்னும் முடியவில்லை.

ரட்ரான் தற்செயல் எண்களால் கணக்கிடும் மான்டே கார்லோ முறை என்பதால் இரைச்சல் இருக்கும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு ஃபோட்டான் வேண்டும். லைமில் மேகத்தைப் பிரிக்கும் வலையின் புள்ளிகளை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். கோடு மாறினால் வலை போதவில்லை. இவை மணிக்கணக்கில் ஓடும் ரன்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல, இடைநிலைக் கோப்புகளைச் சேமித்துக்கொண்டே போங்கள்.

சொந்த மேகத்துக்குப் போகுமுன் 2002இல் வான் சாடல்ஹாஃப் குழு வெளியிட்ட சோதனைக் கணக்குகளைச் செய்துவிடுங்கள். அவற்றில் முதலாவதில் இரண்டே மட்டம் கொண்ட கற்பனை மூலக்கூறு, ஒருமுறை ஒளியியல் ஆழம் ஒப்பீட்டளவில் குறைந்த நிலையிலும் ஒருமுறை மிக அதிகமான நிலையிலும். ஆழம் குறைந்ததிலேயே பிசகினால் அலகையோ கோப்பையோ தேடுங்கள். ஆழம் அதிகமானதில் மட்டும் பிசகினால் சுற்றுகளையும் வலையையும்.