தலைவர் கோட்டைக்கு வரும் நாளில் வெளியே நிற்க யாருடைய அனுமதி வேண்டும்?

ஜனாதிபதியோ பிரதமரோ யாழ்ப்பாணம் வருகிறார், கோட்டையையும் பொது நூலகத்தையும் பார்வையிடப் போகிறார் என்று செய்தி வந்தால், எதிர்ப்புக் காட்ட நினைப்பவர்களிடம் முதலில் கேட்கப்படுவது "பொலிஸில் அனுமதி எடுத்தாயிற்றா?" என்பதுதான். அமைதியாக ஓரிடத்தில் கூடிப் பதாகை பிடித்து நிற்பதற்கு, சாதாரண காலத்தில், அப்படியொரு அனுமதியைச் சட்டம் கேட்பதில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை கருத்து வெளியிடும் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் பிரஜைகளுக்குத் தருகிறது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, இன மத நல்லிணக்கம் போன்ற காரணங்களுக்காக 15ஆம் உறுப்புரை அவற்றை மட்டுப்படுத்த இடமளிக்கிறது. ஆனால் அந்த மட்டுப்பாடு சட்டத்தின் வழியாக வர வேண்டும். "மேலிடத்து உத்தரவு" என்று வீதியில் நிற்கும் அதிகாரி சொல்வது சட்டமாகாது.

ஊர்வலம் வேறு விடயம். நல்லூரிலிருந்தோ பஸ் நிலையத்திலிருந்தோ நடந்து கோட்டைப் பக்கம் போவதானால், 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 77ஆம் பிரிவு குறுக்கே வரும். ஊர்வலம் புறப்படும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆகக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுப்பது அறிவித்தல் மட்டுமே. பதிலுக்காகக் காத்திருக்கும் விண்ணப்பம் அல்ல. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியும் நேரமும் ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லப்படும்போது அந்தத் தாள்தான் பேசும். ஒலிபெருக்கிக்கு மட்டும் உண்மையாகவே அனுமதிப்பத்திரம் தேவை. அது அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு.

அறிவித்தல் கொடுத்தால் எல்லாம் முடிந்ததென்றும் இல்லை. பொது ஒழுங்கு கருதி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட தரத்திலுள்ளவர் ஊர்வலத்தைத் தடுக்கலாம், நிபந்தனை விதிக்கலாம், வாய்மொழியாகவும் செய்யலாம். அப்போது அவருடைய பெயரையும் பதவியையும் சொல்லப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வழக்கென்று போனால் பிரதிவாதி யார் என்று எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் பகுதியில் பொலிஸார் அதிகம் பயன்படுத்தும் ஆயுதம் நீதவானின் தடை உத்தரவு. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 106ஆம் பிரிவின் கீழ், கலகமோ உயிராபத்தோ இடையூறோ ஏற்படலாம் என்று பொலிஸார் அறிக்கை சமர்ப்பித்தால், விடயம் அவசரமானதென்றால் மறுதரப்பைக் கேளாமலே நீதவான் உத்தரவிட முடியும். திலீபன் நினைவேந்தலுக்கு எதிராகப் பொலிஸார் நீதிமன்றம் போனதை ஊர் அறியும். உத்தரவு கையில் கிடைத்தால் கிழித்தெறிந்துவிட்டுப் போவது வீரமாகத் தெரியலாம், ஆனால் அது தனிக் குற்றமாகிவிடும். வாசித்துப் பாருங்கள். யாருக்கு எதிராக, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்பவையெல்லாம் அதில் இருக்கும். சாதாரணமாக அது பதினான்கு நாளுக்கு மேல் செல்லாது. அதே நீதவானிடம் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் கொடுத்து, நீக்கும்படியோ திருத்தும்படியோ கேட்கலாம். வருகைக்கு முதல் நாள் மாலை உத்தரவு வந்தால் அதற்கும் நேரம் இராது என்பதால், முன்கூட்டியே ஒரு சட்டத்தரணியுடன் பேசி வைத்திருப்பது நல்லது.

இடத்தையும் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டிய கோட்டை, தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள நினைவுச்சின்னம். மதிலில் சுவரொட்டி ஒட்டுவதும் எழுதுவதும் கொடிக்காக ஆணி அடிப்பதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டுக்கு வழி திறந்துவிடும். எதிர்ப்பு என்ன காரணத்துக்காக என்பதையே பிறகு யாரும் பேச மாட்டார்கள். வெளியே, போக்குவரத்துக்கு வழிவிட்டு நிற்பதே புத்தி.

தலைவரின் கண்ணில் படும் தூரத்தில் நிற்கும் உரிமையைச் சட்டம் உறுதியளிக்கவில்லை. 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரோன் பொது நூலகத்துக்கு வந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் படங்களுடன் அவருடைய வாகனத் தொடரணிக்கு மிக அருகே போனார்கள். 2023 ஜனவரியில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பொங்கல் விழாவுக்கு வந்தபோது, நல்லூர்ப் பக்கம் எதிர்ப்பாளர்கள் மீது நீர்த்தாரை அடிக்கப்பட்டது. சட்டம் அப்படியேதான் இருந்தது. வீதித் தடுப்பு எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான் மாறியது. சத்தமிடுவதைக் குறித்து மட்டும் ஒரு தெளிவு உண்டு: 1992ஆம் ஆண்டு "ஜனகோஷ" போராட்டத்தில் மேளம் அடித்து எதிர்ப்புத் தெரிவித்ததைப் பொலிஸார் தடுத்த வழக்கில், அத்தகைய ஒலியும் கருத்து வெளிப்பாடே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கைது நடந்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பிடியாணை இல்லாத கைதென்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சோதனையிடுவது பெண்ணாகவே இருக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் பிடித்தால் இந்தக் கணக்குகள் மாறிவிடும், ஆகவே எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலிலேயே கேளுங்கள். புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட வேண்டாம்.

உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். கொழும்புக்குப் போகவும் பணம் திரட்டவும் அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பது போதாது. விசாரணை நிலுவையில் இருப்பதை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உள்ளது, அவசரத் தொலைபேசி எண் 1996.